செவலைக்கு நிறுத்திய பாட்டில்

தூத்துக்குடி
9.11.1974

அன்பு மகன் ராஜதுரைக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை செய்யட்டும். நான் இருக்கிறேன். மழையில் உப்பளமெல்லாம் தண்ணீர். சாத்தான்குளத்தில் உன் தங்கைக்கு இது ஏழாம் மாதம், வளைகாப்புக்கு உன்னை எதிர்பார்க்கிறாள்.

நம் பசு செவலை செத்துப்போனது. எப்படி என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். இரை எடுக்காமல், கழுத்தைத் தூக்க மாட்டாமல் படுத்துவிட்டது. உன் மாட்டு வைத்தியக் காலேஜில் உனக்கு இளையவனாகப் படித்த கிருபாநிதி டாக்டர்தான் வந்து பார்த்தான், தின்னாத மாட்டுக்கு உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பு வற்றிப்போகும், அதுதான் இந்தத் தளர்ச்சி என்று பாட்டிலில் கலந்து ஏற்றினான். உப்பளத்து ஊரில் மாட்டுக்கு உப்புப் பஞ்சமா என்று கேட்டேன். இது வேற உப்பும்மா, வேகமா ஏத்துனா நெஞ்சு நின்னுரும், சொட்டுச் சொட்டாத்தான் விடணும், தானா இரை எடுக்கிற வரைக்கும் தெனமும் ஏத்தணும் என்றான். அன்றைக்கே காதை ஆட்டியது, கஞ்சித் தண்ணீரை நக்கியது. மறுநாள் அவன் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். ராஜதுரை அண்ணன் மெட்ராஸ்லேருந்து ட்ரங்கால் போட்டாவ, கெழட்டு மாட்டுக்கு இனிமே பாட்டில் ஏத்தாண்டாம், அது போனாத்தான் அம்மா மெட்ராசுக்கு வருவாவன்னு சொன்னாவ என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தான். அவன் மெதுவாகத்தான் ஏற்றினான், செவலைதான் காத்திருக்கவில்லை.

மாடு இருக்கிறவரை வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். அதைச் சாக விடு என்றா அதற்கு அர்த்தம்? என்னிடம் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை சம்மதித்தும் இருப்பேன். எனக்குத் தெரியாமல் ஊரார் பிள்ளையை வைத்துச் செய்தாயே, அதுதான் ஆறவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், அது மற்ற வீட்டுப் பிள்ளைகளைச் சொன்னது என்று நினைத்திருந்தேன். நான் மெட்ராசுக்கு வரவில்லை, டிக்கெட் எடுக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் சோறு தண்ணீர் இறங்காமல் படுத்துவிட்டால், பாட்டில் ஏற்றலாமா வேண்டாமா என்று மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
சீனித்தாய்