சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இன்றைக்கும் மானம் போனது. தம்பியோடு ஆன்லைனில் ஆடும் லோரி ஓட்டும் விளையாட்டைப் புதுப்பித்ததிலிருந்து இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. தம்பி பவனேஷ் அங்கே பெர்த் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு தன் லோரியை ஜம்மென்று ஓட்டிப் போகிறான். நான் பின்னால் விக்கி விக்கிப் போகிறேன். ஒரு வளைவில் திரை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது என் லோரி ஆற்றுக்குள் கிடந்தது.

"சாரிடா, சாரிடா" என்று கத்தினேன்.

"பரவாலக்கா, மெதுவா வா. நான் ரோட்டோரமா நிறுத்தியிருக்கேன்."

எத்தனை வாரம் இப்படி நிறுத்துவான்? ஒருநாள் சலித்துப்போய் விட்டுவிட மாட்டானா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி போய்விட்டால் எங்களுக்குள் வேறு என்ன இருக்கிறது? போனில் பேசினால் 'சாப்பிட்டியா, அங்க மழையா' என்பதோடு சரி. லோரி ஓட்டும்போதுதான் இருவருக்கும் வாய் திறக்கும்.

அப்பா தவறி இரண்டு வருடம். கொள்ளி வைக்க அவன் வரவில்லை. விசா சிக்கல் என்றான். சித்தப்பாதான் வைத்தார். 'இனி அவன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்' என்று அம்மா அன்றைக்குச் சொன்னவர்தான். வீட்டில் அவன் பெயரைக்கூட எடுப்பதில்லை. அவனுக்கும் இந்த வீட்டுக்கும் மிச்சமிருப்பது இந்த லோரி ஒன்றுதான்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வேகம் கூடட்டும் என்று விளையாட்டில் நிழல், புல், மழை, தூரத்து மலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். மரமெல்லாம் அட்டை மாதிரி நிற்கிறது. திரையில் படம் வினாடிக்கு இருபது ஃபிரேம் ஓடியது, இப்போது இருபத்திரண்டு. இதற்கா இவ்வளவு பாடு!

9 ஆகஸ்ட், சனி

ராவாங்கில் எங்கள் தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருக்கும் கோகிலன் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீடுவரை வந்தான். பக்கத்து மூடியைக் கழற்றினான், விசிறியை விரலால் தடவினான், மோந்து பார்த்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இது கம்ப்யூட்டரா சாம்பிராணிச் சட்டியா? உள்ள ஒரே புகை அடையா இருக்குலா!"

உண்மைதான். கறுப்பாக, பிசுபிசுவென்று, விசிறி முழுக்க அப்பியிருந்தது. ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர் மேசை. எல்லார் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையும் உண்டு. அம்மா மணியடித்துக்கொண்டே சட்டியோடு வருவார், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், லேசில் நகர மாட்டார். எனக்குக் கண் எரியும். 'போங்கமா அந்தப் பக்கம்' என்பேன்.

கோகிலன் சுத்தம் செய்து, சிப்புக்குப் புதுப் பசை தடவி, பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தான். "ஆனா இங்கயே இருந்தா ஆறு மாசத்துல மறுபடி இதே கதிதான்க்கா. மேல உங்க ரூமுக்குக் கொண்டு போயிருங்க, ஏர்கோன் ஜில்லுன்னு இருக்கும்ல" என்றான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முப்பத்தெட்டு ஃபிரேம்! தம்பிக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன். பார்த்தால் அம்மா பின்னால் சட்டியோடு நிற்கிறார். புகை நேரே விசிறிக்குள் போகிறது.

எனக்கு வந்ததே கோபம்! ஆட்டம் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்க புகையாலதான்மா இந்த மெஷினே செத்துச்சு. இத மேல தூக்கிட்டுப் போறேன், நிம்மதியா இருக்கும்."

அம்மா சட்டியை மேடையில் வைத்தார். அப்புறம், "சாமி மேடைய வேணும்னா அந்தச் செவுத்துப் பக்கம் மாத்திக்கலாம் பிரேமலா. கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டுமே" என்றார்.

சாமியை மாற்றுவதாம், கம்ப்யூட்டர் இருக்கட்டுமாம். இப்படி யாராவது சொல்வார்களா? மேடையில் ஒரு படத்தைத் துடைக்கக்கூட நல்ல நேரம் பார்ப்பவர்!

16 ஆகஸ்ட், சனி

மேலே கொண்டுவந்தாயிற்று. ஸ்பீக்கரும் மேசை மைக்கும் பெட்டிக்குள் போயின. புது ஹெட்செட். வெளிச் சத்தத்தை வடிகட்டும் வசதியும் போட்டிருக்கிறேன். படிக்கட்டு ஏறி இடுப்பு விட்டுப்போச்சு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஐம்பத்தைந்து! நிழலும் புல்லும் மழையும் திரும்பி வந்துவிட்டன. தம்பியை முந்திக்கொண்டு போனேன். காதில் அவன் குரல் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. ஏன் இதை முன்பே செய்யவில்லை?

31 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கத்து வீட்டு லீலாவதி ஆன்ட்டியின் வேனில் அம்மா கோயில் தேவார வகுப்புக்குப் போகிறார், ஞாயிறு மாலை. நல்லதுதான், வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்கு இது தேவலை. ஞாயிற்றுச் சாம்பிராணி நின்றுவிட்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

தம்பி சீக்கிரம் போய்விட்டான். களைப்பாம்.

14 செப்டம்பர், ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பாதி வழியில் தம்பி லோரியை ஓரமாக நிறுத்தினான். என்னடா என்றேன். "அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயாக்கா? நீ மறைக்கிறியா?" என்றான்.

"நல்லாத்தானே இருக்காங்க. ஏன்?"

"மணிச் சத்தமே கேக்கலயே."

வடிகட்டி போட்டிருக்கிறேன், கம்ப்யூட்டர் மேலே இருக்கிறது என்று பெருமையாக விளக்கினேன். பெருமையாக! அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உன் மெஷின் ஸ்லோவா இருந்தப்ப நல்லா இருந்துச்சுக்கா. நீ வர்ற வரைக்கும் ஓரமா நிறுத்திட்டு அந்த மணியத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு தடவ அம்மா இருமுனாங்க. அன்னிக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரல."

நான் சாரி சாரி என்று கத்திக்கொண்டிருந்தேனே. அவன் காதில் அது விழுந்திருக்குமா?

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பக்கம் அவன் மணியைக் கேட்டான் என்றால், இந்தப் பக்கம் அம்மா எதற்கு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்? ஸ்பீக்கரில் யார் குரல் வந்தது? ஐயோ... சாமியையே நகர்த்துகிறேன் என்றாரே! மடச்சி, மடச்சி, எனக்கு அன்னிக்கு அறிவு எங்க போச்சு?

15 செப்டம்பர், திங்கள்

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழம சாம்பிராணி போட்டது தம்பி பேசுறதக் கேக்கத்தானே?"

கை நின்றது. முகம் சிவந்துவிட்டது. திருடும்போது பிடிபட்டவர்போல என்னைப் பார்த்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"அவன்கூடப் பேச மாட்டேன்னுதான் சொன்னேன். கேக்க மாட்டேன்னு சொல்லலயே" என்றார். உடனே எழுந்து கீரையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவருகிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். "எனக்காக ஒண்ணும் தூக்க வேணாம். நீ வெளையாடு" என்றார், திரும்பாமலே.

20 செப்டம்பர், சனி

கீழே கொண்டுவந்துவிட்டேன். பழைய இடம். ஸ்பீக்கர், மேசை மைக், எல்லாம் பழையபடி. வடிகட்டியை எடுத்துவிட்டேன். அம்மா பார்த்தார். மேசையைத் துடைத்து மட்டும் வைத்தார். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

21 செப்டம்பர், ஞாயிறு

ஐந்தரைக்கே சட்டியில் கரி மூட்டி, சாம்பிராணியும் எடுத்து மேடையில் வைத்தேன். அம்மா குளித்துவிட்டு வந்தார், கோயிலுக்குப் போகும் சேலையில்.

"இன்னிக்கு ஒருநாள் போகாதீங்கமா."

"லீலாவதி வந்துருவா லா. வேன்ல எடம் பிடிச்சி வச்சிருப்பா."

"அம்மா, நீங்க பேச வேணாம். சும்மா நில்லுங்க, முன்ன மாதிரி."

"முன்ன யாருக்கும் தெரியாது" என்றார்.

வாசலில் ஹார்ன் அடித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நின்றிருப்பார். அவருக்கென்று இருந்த ஒரே ஒரு சாக்கை நான்தான் பிடுங்கிப் போட்டேன்.

ஆறு மணிக்குத் தம்பி வந்தான். "கீழ இருக்கியாக்கா?" என்று கேட்டான். குரலில் அவ்வளவு ஆவல். ஆமாம் என்றேன். இரண்டு லோரியும் கிளம்பின. கொஞ்ச தூரத்திலேயே அவன் ஓரமாக நிறுத்திவிட்டான். என் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த ஒரு காரணமும் இல்லை. காத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. சத்தமில்லாமல் எழுந்தேன். சட்டியில் சாம்பிராணியைத் தூவினேன், மேடையிலிருந்து மணியை எடுத்தேன், நாற்காலிக்குப் பின்னால் அம்மா நிற்கும் இடத்தில் போய் நின்று அடித்தேன். புகை விசிறிக்குள் போனது. போகட்டும்.

நான் அடித்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அம்மா இவ்ளோ வேகமா அடிக்க மாட்டாங்கக்கா" என்றான்.