தானாக மாறும் கியர்

ஜூலை 7, திங்கள்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் மணல். வெள்ளைப் புடவை இன்னும் காயவில்லை.

மகள் நஸ்ரியா அழுதுகொண்டு வந்தாள். சந்தியில் திரும்பும்போது சைக்கிள் கியர் தானாக மாறி, கால் சறுக்கி விழுந்திருக்கிறாள். பின்னால் லொறி. அல்லாஹ் காப்பாற்றினான். கொஞ்ச நாளாகவே கியர் துள்ளுகிறதாம். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

மகனைப் பறிகொடுத்த மாமி: "வாப்பா மௌத்தான புள்ள. இனி வகுப்பும் வேணாம், ஒண்டும் வேணாம். ஊட்டோட இரிக்கட்டும்."

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. படிப்பை நிறுத்த விடமாட்டேன். அவள் வாப்பா இருந்திருந்தால் ஊற்றிய பிளேன்டி ஆறுவதற்குள் சரிசெய்திருப்பார்.

ஜூலை 8, செவ்வாய்

கடையில் காட்டினாள். ஒரு பிழையும் இல்லையாம். நிற்கவைத்துச் சுற்றினால் ஒழுங்காகத்தான் மாறுகிறது, றோட்டில்தான் துள்ளுகிறது. ஏறி ஓடிப் பார்த்தால் தெரியும். அவர் மௌத்துக்காக இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வேலி தாண்ட முடியாதே.

தேங்காயெண்ணெய் விட்டேன். விசர் வேலை. பறந்த மணல் முழுக்கச் செயினில் அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெயால் கழுவவே பகல் போயிற்று. சோறு காந்திவிட்டது.

"இத்தாவில இரிக்கிற பொம்புள செய்ற வேலயா இது? ஓதிக்கிட்டு இரி புள்ள."

"ஓதிட்டுத்தான் மாமி செய்றன்."

ஜூலை 9, புதன்

ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு காற்றுக் குறைவு. கிணற்றடிச் சீமெந்தில் நானே ஏறினேன். நஸ்ரியா பின்னால் பிடித்தாள். நேரே போனால் ஒன்றுமில்லை. ஹேண்டிலைத் திருப்பினேன், டக். திரும்பவும் டக்.

"உம்மா, கியர் வயர் இழுபடுது. வாப்பா கட்டின இடம் பாருங்க."

மௌத்தாவதற்கு முந்தின கிழமை கட்டியது. வயர் தொங்கி இவள் அபாயாவில் சிக்கக்கூடாதென்று, நைலோன் நூலால் சட்டத்தோடு சேர்த்து, ஹேண்டில் திரும்ப இடமில்லாமல் இறுக்கியிருக்கிறார். வலைக்குப் போடுகிற முடிச்சு. நான்தான் டோர்ச் பிடித்தேன்.

முடிச்சை வெட்டச் சவரப் பிளேட்டை எடுத்தேன். கை போகவில்லை. அவர் உடுப்பெல்லாம் கொடுத்தாயிற்று. இனி அவர் கை பட்டது என்று என்ன இருக்கிறது? யா அல்லாஹ், எவ்வளவு ஆசையாகக் கட்டியிருப்பார்.

"நான் வெட்டவா உம்மா?"

"வேணாம். நானே."

வெட்டினேன். வயரைத் தளர்த்திவிட்டேன். இரண்டு பக்கமும் ஹேண்டிலைத் திருப்பி ஓடினேன். கியர் அசையவில்லை. இறங்கி நின்று நன்றாக அழுதேன். மாமி கதவடியில் நின்று பார்த்தார்.

ஜூலை 10, வியாழன்

திரும்பவும் காற்று. நஸ்ரியா வகுப்புக்குப் போனாள். கேற்றைத் திறந்துவிட்டது மாமிதான். நான் வேலிக்கு உள்ளே காது கொடுத்து நின்றேன். சந்தி திரும்பியதும் பெல் அடித்தாள், கியர் துள்ளாவிட்டால் அடி என்று நான் சொன்னபடி.

வயர் தொங்காமல் தளர்வாகக் கட்டவேண்டும். மிச்ச நூலில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்க்கிறேன். அவிழ்ந்து அவிழ்ந்து போகிறது.