கத்தரியால் வெட்டிய கார்டு

ஏம்மா,

வீட்டுக்கடன் கிடைத்துவிட்டது! நாலு மணிக்கு பேங்க்காரர் கையெழுத்து வாங்க வருகிறார். அதற்குள் நானும் வந்துவிடுவேன். பீரோ சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது. சாப்பாட்டைச் சுட வைத்துச் சாப்பிடு.

“கடனே வாங்காத மனுஷனுக்கா கடன் இல்லங்கிறான்?” என்று, பேங்க்கில் முதல்முறை மறுத்த அன்று குதித்தேன். கடன் வாங்கிக் கட்டிய பழக்கம் இருந்தால்தான் நம்புவார்களாம். அதற்காக நீ எடுத்துத் தந்த கிரெடிட் கார்டை, என் தையல் கத்தரியாலேயே வெட்டிப்போட்டேன். நீ விடாமல் என் பேரில் வேறு கார்டு வரவழைத்தாய். இரண்டு வருடம் கடைக்கு நூலும் பொத்தானும் அதிலேயே வாங்கி, தேதி தவறாமல் கட்டினாய். இந்த வீடு உன்னால் வருவது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் தையல்காரன்

பி.கு.: கார்டைக் காணோமென்று பதறாதே, நான்தான் எடுத்துப் போகிறேன். கார்டை வெட்டிய அன்றைக்கே கத்தரி மழுங்கிவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை. இந்தக் கார்டிலேயே புதுசு வாங்கப் போகிறேன்.