ஏணியைப் பிடிக்கச் சொன்னவளுக்கு

இன்று காலை வாசலில் மிளகு காயப் போட்டேன். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் நான்கு தும்மல், ஐந்தாவதாக உன் நினைப்பு. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எஸ்டேட் லைன் வீடுகளில் என் அடுத்த வீடு இன்னும் உன் வீடுதான் எனக்கு.

கல்யாணப் பேச்சு எடுத்தாலே நான் காத தூரம் ஓடுவேன். அப்பா விட்டுப்போன பிறகு அம்மா பட்டதைப் பார்த்தவள் நான். பெண் பார்க்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு மூன்று முறை பின்வாசல் வழியாகப் பக்கத்து ஊரான கிளியூருக்கு நடந்திருக்கிறேன். "பஸ்ஸே பாக்காம டிக்கெட்டு வேண்டாங்கிறயே புள்ள" என்று நீ கேலி செய்வாய்.

அந்த மாசியில் மிளகு பறிக்க நாகலூரிலிருந்து அவர் வந்தார். அவர் மூங்கில் ஏணியில் ஏற, கீழே பிடித்துக்கொள்வது உன் வேலை. ஒரு நாள், "கை சுளுக்கிக்கிச்சு, நீ போய்ப் புடி" என்று என்னை அனுப்பினாய். பலா மரத்தில் அடர்ந்த மிளகுக்கொடிக்குள் அவர் தலை மறைந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடி ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஆள் தன் உயிரை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தது கூடத் தெரியவில்லை.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க, நான் அந்தப் பக்கத்துக் கெளையப் புடிச்சு எறங்கி நொம்ப நேரமாச்சுங்க. இனி ஏணிய உடுங்க."

சாப்பிட உட்கார்ந்திருந்த தோட்டமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாய்.

பத்தே நாளில் அவர் அம்மா பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மறுநாள் காலையிலேயே பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். திருப்பூரில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். போகாதே என்று சொல்லவில்லை.

"போறதுன்னா போ புள்ள. ஆனா அவர வேண்டாம்னு போறயா, பயந்துக்கிட்டுப் போறயா, அத மட்டும் சொல்லிப்போட்டுப் போ."

நான் பஸ் வரும் வளைவையே பார்த்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், விசில் ஊதினார், நான் ஏறாமலே பஸ் போய்விட்டது. நீ என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய்.

"உன் கை எப்பச் சரியாச்சு?" என்றேன்.

"அதுக்கு என்ன, எப்பவும் நல்லாத்தான இருந்துச்சு" என்றாய், திரும்பிப் பார்க்காமலே.

எனக்குள் எனக்கே தெரியாமல் கிடந்ததை நீ எப்படிப் பார்த்தாய்? நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. அன்று மாலை அவரிடம் சரிங்க என்று சொன்னது என் வாய்தானா என்று இன்றும் சந்தேகம் வருகிறது.

நீ கேட்டதற்கு மட்டும் கடைசிவரை நான் பதில் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். பயந்துதான் கிளம்பினேன். பயம் போன பிறகுதான் ஒருவரோடு வாழ முடியும் என்று நினைத்திருந்தேன். அது இன்னும் போகவில்லை புள்ள. அவர் வர அரைமணி தாமதமானால் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடக்கிறேன். ஆனால் ஓட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.