சத்தமும் பதிந்த கமெரா

சரவணை,
வேலணை.

அன்பு மகள் கஜாலினிக்கு,

நீயும் மருமகனும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நயினை அம்மாளாச்சியைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தால் இந்த மனுசன், உன் கொப்பர், பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார், மெசேஜ் போட்டால் அதையும் வாசிக்கிறார். அதனால்தான் கனடா திரும்புகிற துஷாந்தியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு வாசி.

தை மாதம் அந்த ஷாருஜனும் கூட்டமும் வாளோடு மோட்டார் சைக்கிளில் வந்தது உனக்குத் தெரியும். கரப்பந்து விளையாட்டில் தொடங்கிய வாய்த்தகராறு, எங்கள் படலையைப் பிளந்து, கண்ணாடி அலுமாரியை நொறுக்கி, உன் அண்ணன் பிரசாந்தனின் தோளில் வாளை இறக்கிய பிறகுதான் ஓய்ந்தது. கமெராவையும் அடித்து உடைத்தார்கள், உள்ளே இருந்த கார்டோடு படமெல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு நீ புதுக் கமெரா வாங்கித் தந்து, படம் எல்லாம் நீ வேலை செய்கிற கம்பனியின் கிளவுட்டில் சேரும்படி செய்தாய். போன மாதம் அப்டேட் வந்தபோது எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய். இனி முகம் பார்த்துப் பெயர் சொல்லும், வீட்டில் எல்லாருடைய போனும் ஒன்றாக அடிக்கும், படத்தோடு சத்தமும் பதியும், உன்னைத் தவிர ஒருவராலும் அழிக்க ஏலாது என்றாய். முதல் இரண்டு நாளும் அது எங்கள் மாட்டைப் பார்த்தும் இவர் யார் என்று கேட்டது, நான் சிரித்தேன். பிரசாந்தன் சிரிக்கவில்லை. பேஸ்புக்கில் இருந்த ஷாருஜனின் மொட்டைத் தலைப் படத்தை எடுத்து, பெயரும் போட்டு, அதற்குள் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து போன் கிணுங்கினால் பாய்ந்து எழும்புவான். கட்டிலுக்குக் கீழே கொடுவாக்கத்தி.

பக்கத்து வளவு நாகமுத்து அண்ணை போன கிழமை மோசம் போனார். கொள்ளி வைத்தது ஒரே மகன் தர்சன், தலையும் மீசையும் வழித்திருந்தான். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் நான்தான் சோறு கறி ஆக்கி, வேலியில் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்தப் பொட்டால் கொடுத்து வந்தேன். கொள்ளி வைத்த மறுநாள் பின்னேரம் அவன் வெறுஞ்சட்டியைத் திருப்பித் தர வந்தான். செத்த வீட்டுத் தீட்டோடு இருக்கிற துடக்குக்காரன் ஒருவர் வீட்டு முன்படலையால் வரமாட்டான், வாசலில் நின்று கூப்பிடவும் மாட்டான். பின்வளவுப் பொட்டால் குனிந்து, சத்தம் காட்டாமல் வந்திருக்கிறான். கமெரா மொட்டையைக் கண்டது. மூன்று போனும் ஒன்றாக அடித்தன, ஷாருஜன் பின்பக்கம் நிற்கிறான் என்று. உங்கள் கம்பனிக்காரருக்குச் சொல், எங்கள் ஊரில் தகப்பன் செத்தால் மகன் தலை வழிப்பான் என்று.

பிரசாந்தன் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான், நான் குசினியிலிருந்து ஓடி வர முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. சட்டியைப் பிடித்த கையில் ஒரு வெட்டு, இரண்டு விரல் மண்ணில் கிடந்தது. தலையில் மற்ற வெட்டு, காதோடு சேர்த்து. வழித்த தலையில் இரத்தத்தைத் தடுக்க ஒரு மயிர் இல்லை பிள்ளை, கண், வாய் எல்லாம் நிரம்பி ஓடியது. காதைச் சேலைத் தலைப்பால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். மண்டைதீவைத் தாண்டுவதற்குள் என் மடியெல்லாம் ஊறிவிட்டது. உயிர் இருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை. அவனுடைய மச்சான்மார் வந்து பிரசாந்தனின் மோட்டார் சைக்கிளைக் கொளுத்தி, வேலியைப் பிடுங்கி எறிந்து, கொப்பரின் நெற்றியைக் கல்லால் உடைத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

பொலிஸ் பிடித்து அடைத்து, பிரசாந்தன் மறியலில் இருக்கிறான். கொப்பர் பழைய கத்தி ஒன்றைப் பொட்டடியில் போட்டுவிட்டு, தர்சன்தான் வெட்ட வந்தான், இருட்டுப்படுகிற நேரம் ஆளை மட்டுக்கட்டி அடையாளம் காண முடியவில்லை என்று பொலிசுக்குச் சொல்லியாயிற்று. படத்தை அழித்துவிடு என்று உன்னையும் கேட்டாராம், நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாயாம். என்ன யோசனை?

கொப்பர் சத்தத்தை நிற்பாட்டி வைத்துத்தான் அதைப் பார்த்தவர். அவர் கோயிலுக்குப் போன நேரம் நான் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டேன். நீயும் கேள். கையில் வெட்டு விழுந்ததும் அந்தப் பிள்ளை கத்தவில்லை, "பிரசாந்தன் அண்ணை, நான் தர்சன்" என்கிறான். உன் அண்ணன் கத்தியோடு நிற்கிறான். "தர்சனோ?" என்று கேட்கிறான். "ஓம் அண்ணை, சட்டி தர வந்தனான்" என்கிறான் மற்றவன். அதற்குப் பிறகுதான் தலையில் வெட்டு விழுகிறது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஓங்கிய கை நிற்கவில்லையோ, செய்த பிழையைச் சொல்ல ஆள் மிஞ்சக்கூடாது என்று நினைத்தானோ, பெற்ற எனக்கே தெரியவில்லை. முதல் வெட்டுக்கு உங்கள் கிளவுட்டைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். இரண்டாவது என் பிள்ளை வெட்டியது. கோட்டில் நீதவான் கேட்கும்போது சத்தத்தோடு கொடு. அவன் எத்தனை வருசம் உள்ளே இருந்தாலும் சோறு கட்டிக்கொண்டு நான் போவேன். தர்சனின் தாய் ஞானசவுந்தரி ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கிறாள், நாகமுத்து அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடலில் இறங்க அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

குழந்தைக்குக் குளிருக்குக் காதை மூடிக் கட்டு. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. அம்மாளாச்சி உங்கள் மூன்று பேருக்கும் காவலாக நிற்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே. கொப்பர் அழுவார், அழிக்காதே. நாளைக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்து நானே போனில் அழுது, அழித்துவிடு பிள்ளை என்று கெஞ்சினாலும், அழிக்காதே.

என்றும் உன் அம்மா,
சீதேவி நடராசா