நான் வைத்த மாமன் முறை

12 ஜூன், புதன்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடம் திறந்தாயிற்றே, நாமும் புது ஆளாகப் போவோம் என்று நேற்று தலைக்கு மை பூசினேன். முடி கருத்ததோ இல்லையோ, நெற்றி கருத்துவிட்டது. தேங்காய் எண்ணெய், சோப்பு, கடலை மாவு, எதற்கும் அசையவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பிள்ளைகளுக்கு நான் காலை டிபன் செய்கிற பள்ளிச் சமையலறைக்குள் நுழைந்தால், ஹெச்.எம். ஜெசிந்தா டீச்சர் நேரே வந்துவிட்டார்.

"என்ன வியாகுலமேரி, ஜூன் மாசத்துலயா சாம்பல் புதன் வரும்?"

"எனக்கு மட்டும் சாமியார் முன்கூட்டியே பூசிட்டாக டீச்சர்."

டைரி உரக்கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. நான் படித்தது நாலாம் வகுப்பு. கேட்டால் எட்டு என்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருசம், மகள் அனிதா மேரி திருப்பூரில். வீட்டில் என் கிண்டலைக் கேட்க ஆள் இல்லை. சுவரைக் கிண்டல் பண்ணினால் அது கோபித்துக்கொள்ளக்கூட மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

20 ஜூன், வியாழன்

உப்புமா அடி பிடித்தது. ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. தங்கங்கள்.

அஞ்சாப்புக்குப் புது சார் வந்திருக்கிறார். ஆண்டிபட்டிக்காரர். எங்கள் ஊரில் வெளியாள் வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம், அடுத்து முறை வைப்போம். முறை இல்லாத மனுசனிடம் எப்படிச் சிரித்துப் பேசுவது? அவருக்கு முறை வைத்தது நான்தான்.

கயல் என் அடுப்படியில் இருந்தாள். அஞ்சாப்புப் பிள்ளை. அவள் அம்மா பவுனு விடியற்காலை ஜீப்பில் குமுளி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போய்விடுவாள், திரும்ப ஆறு மணி ஆகும். அப்பன் லாரியில் போனால் பத்து நாள். அதனால் ஆறரைக்கெல்லாம் கயல் என்னிடம் வந்துவிடுவாள். வெங்காயம் உரிப்பாள், வாயும் அடிப்பாள். பவுனு என்னை அக்கா என்பதால் இவளுக்கு நான் பெரியம்மா.

"ஏலே கயலு, ஒங்க அம்மா பிறந்ததும் ஆண்டிபட்டி. சாரும் ஆண்டிபட்டி. அப்ப ஒனக்குத் தாய்மாமன்டி! சீர் செய்யச் சொல்லு" என்றேன். வாசலில் நின்ற சாரும் சிரித்து, "ஆமா, நான் மாமன்தான்" என்றார். பிள்ளைகளெல்லாம் "மாமா சார், மாமா சார்" என்று ஒரே கூத்து.

3 ஜூலை, புதன்

அஞ்சாப்பு சார் காலையில் ஏழரைக்கே வந்துவிடுகிறார். படிப்பு வராத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறாராம். ஊரே புகழ்கிறது.

கயல் பொங்கலைத் தொடவில்லை. "நான் வகுப்புக்கு முன்னாடியே போகல பெரிம்மா. சார் கன்னத்தக் கிள்ளுறாரு. சடைய இழுக்குறாரு" என்றாள்.

"மாமன்னா கிள்ளத்தான் செய்வாக. நீயும் ஒண்ணு கிள்ளிட்டு ஓடியா" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பல் வலியோ என்னவோ.

9 ஜூலை, செவ்வாய்

இன்றைக்கு ஒரு வேலை செய்தேன். "டீச்சர், கேட்டுல ஆபீசர் ஜீப்பு நிக்குது!" என்று கத்தினேன். ஜெசிந்தா டீச்சர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பின்னாடியே நாலு வாத்தியார்கள், கையில் ரிஜிஸ்டர். போய்ப் பார்த்தால் பூண்டு விற்கிற வண்டி.

"வியாகுலம்னு பேரு வச்சுக்கிட்டு ஊருக்கே வியாகுலத்தக் குடுக்குற" என்றார் டீச்சர். அப்புறம் அவரும் சிரித்து, கால் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டார்.

15 ஜூலை, திங்கள்

பள்ளியில் காமராஜர் பிறந்தநாள். மிட்டாய் கொடுத்தார்கள். கயலைக் காணவில்லை. தேடினால் என் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். மிட்டாயை நீட்டினேன். வாங்கவில்லை.

"பெரிம்மா, மாமன்னா கதவச் சாத்துவாகளா?"

அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

நான் சிரித்தேனே. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இந்தப் பிள்ளை என்னிடம்தானே வந்து சொன்னது. மாமன்னா கிள்ளத்தான் செய்வாகன்னு சொன்னது எந்த வாய்? இந்த வாய்தானே. எதை வைத்துத் தேய்க்க இதை.

16 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்கவே இல்லை.

"போன வாரம் ஜீப்பு. இந்த வாரம் இதுவா? எதுல வெளையாடுறதுன்னு இல்லையா மேரி?"

"வெளையாட்டு இல்ல டீச்சர். மாதா மேல சத்தியம்."

"பொம்பளப் பிள்ள விசயம். வெளிய போச்சுன்னா அது பேரு என்னாகும், பள்ளிக்கூடம் பேரு என்னாகும்? நான் விசாரிச்சுக்கிறேன். நீ வாய மூடிக்கிட்டு அடுப்பப் பாரு."

விசாரித்தார். அந்த ஆளையே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மதியம் சத்துணவுக்கு நான் கை உதவிக்கு நிற்கும்போது அந்த ஆள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அதே சிரிப்பு.

"என்ன மேரியம்மா, நம்ம முறையெல்லாம் மாறிப் போச்சா?"

கையில் கொதிக்கிற ரசம் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை.

சாயங்காலம் ஜீப் நிற்கிற இடத்தில் பவுனுக்காகக் காத்திருந்தேன். ஏலக்காய் வாசத்தோடு இறங்கினாள். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீதானக்கா மாமன் மாமன்னு சொல்லிச் சிரிச்ச. அந்தாளுக்கு மாமன் முறை வச்சியே, நீ பெரியம்மா முறைக்கு என்ன செஞ்ச?"

 

18 ஜூலை, வியாழன்

பவுனு கயலை வருசநாட்டில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டாள். "ஒண்ணும் வேணாம்க்கா. யாருக்கும் தெரிய வேணாம். நீயும் மறந்துரு" என்றாள்.

மறந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பார்த்தேன். காலையில் அந்த ஆள் நாலாப்பு திரிஷாவைக் கூப்பிட்டு, "ஏழரைக்கெல்லாம் வந்துரு, ஒனக்குத் தனியாச் சொல்லித்தாரேன்" என்றதைக் கேட்டேன். கேட்ட கையோடு சமையலறைக்குள் வந்து நின்றேன்.

சுவரில் சர்க்கார் எழுதிப்போட்ட எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி. அதன் நட்டநடுவில் ஆணி அடித்து நான் எண்ணெய்க் கரண்டியை மாட்டியிருந்தேன். ரெண்டு வருசமாக. கரண்டியை எடுத்துவிட்டுப் படித்தேன். 1098.

ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்தது. "பேர் சொல்ல விருப்பம் இல்லைன்னா வேண்டாம்மா" என்றது.  பவுனு முகம் வந்தது. அப்புறம் திரிஷா முகம்.

"என் பேரு வியாகுலமேரி. எழுதிக்க தாயி. இது கிண்டல் இல்ல" என்றேன். கிண்டல் இல்லை என்று ஏன் சொன்னேன்? அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியவா போகிறது.

19 ஜூலை, வெள்ளி

தேனியிலிருந்து வந்துவிட்டார்கள். ரெண்டு பேர் அதிகாரிகள். சுடிதார் போட்ட ஒரு பிள்ளை போலீஸ் என்றால் நம்ப முடியவில்லை. திரிஷாவிடமும் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, பிழைத்தது. வருசநாட்டுக்கும் வண்டி போயிற்று. மதியம் அந்த ஆளைக் கூட்டிப்போய்விட்டார்கள். போகும்போது சிரிப்பு இல்லை.

என்னிடம் கேட்டார்கள். "இதுக்கு முன்னாடி பிள்ளை உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

இல்லை என்றால் யாருக்குத் தெரியும்? அடுப்புக்குத் தெரியும். சொன்னேன். முறை வைத்ததைச் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். அந்தப் போலீஸ் பிள்ளை எழுதிக்கொண்டே வந்து, "சிரிச்சேன்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது.

"எழுதுங்கம்மா. நடந்ததுதான" என்றேன்.

28 ஜூலை, ஞாயிறு

பூசையில் என் பெஞ்சில் நான் மட்டும். அடுத்த பெஞ்சில் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெசிந்தா டீச்சர் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு நடவடிக்கை. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இருபது வருசம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். "மேரியால போச்சு" என்கிறார்கள். எதிரில் வந்தார் இன்று. நான் தோத்திரம் சொன்னேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு போனார். அந்த வேலியில் பார்க்க ஒன்றுமே இல்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று குக்கரோடு மட்டும்தான் பேசினேன். மூன்று விசில் பதில் சொன்னது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. முன்னெல்லாம் நான் போனால்தான் ஆரம்பிக்கும். அம்மாவாசி பெண்டாட்டி குடத்தை எடுத்துக்கொண்டு, "பாத்து பேசுங்கடி, போன் போட்டுருவா" என்றாள். நல்ல கிண்டல்தான். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பிள்ளைகள் மட்டும் தட்டை நீட்டுகிறார்கள். கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எது விளையாட்டு, எது விளையாட்டு இல்லை, எனக்கே அளவு போய்விட்டது. "சாப்பிடு" என்கிறேன். "இன்னும் வேணுமா" என்கிறேன். இவ்வளவுதான் என் பேச்சு.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். பழக்கத்தில் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஆறு பேருக்குப் பாயசம் வைத்துவிட்டேன். ஆறு பேர் பாயசத்தை ஒரு ஆள் குடிப்பது லேசு இல்லை. மூன்று நாள் ஆகும்.

அனிதா போனில் அழுதாள். "ஏம்மா ஒனக்கு இந்த வேல? பேசாம இங்கன வந்துரு." வரலாம். இங்கே என்னைத் தேட யார் இருக்கிறார்கள். ஆனால் கயல் என்றைக்காவது திரும்பி வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தால்? அங்கே வேறு யாரோ நின்றால், நான் தப்பு செய்துவிட்டு ஓடிப்போனதாக நினைக்காதா?

போகவில்லை.

26 நவம்பர், செவ்வாய்

தேனி கோர்ட். கயலைத் தனி அறையில் வைத்துக் கேட்டார்களாம். நான் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது.

அந்த ஆளுடைய வக்கீல் என்னிடம் கேட்டார்.

"மாமன் முறைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்யா."

"பிள்ளை வந்து சொன்னப்ப சிரிச்சீங்க?"

"சிரிச்சேன்."

"ஹெச்.எம்.கிட்ட ஜீப் வந்துருச்சுன்னு பொய் சொன்னதும் நீங்கதான்?"

"ஆமாய்யா."

"அப்ப உங்க பேச்சை இந்தக் கோர்ட் எப்படி நம்புறது?"

 தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். "என்னை நம்ப வேணாம்யா. நான் அப்படிப்பட்ட ஆளுதான். பிள்ளை சொன்னத நம்புங்க. நான் நம்பாமத்தான இம்புட்டும் ஆச்சு" என்றேன்.

வெளியே வந்து பஸ் ஏறினேன். பஸ்ஸில் பவுனு எனக்கு நாலு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கயல் தூங்குகிறாள். சடை மட்டும் தெரிந்தது. சின்னமனூர் தாண்டியதும் பவுனு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிள்ளையின் கால் என் மடியில் கிடந்தது. பவுனு அதை நகர்த்தவில்லை.

பவுனு அன்று பிள்ளையோடு கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. கம்பம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

25 டிசம்பர், புதன்

வாசலில் ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு கைப்பிடி ஏலக்காய். யார் வைத்தது என்று எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமா.

20 ஜனவரி, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தாயிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை, அடுத்த வாய்தா மார்ச்சில். அஞ்சாப்புக்கு ஒரு டீச்சரம்மா வந்து மூன்று மாசம் ஆகிறது. அவருக்கு நான் முறை எதுவும் வைக்கவில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆறரை மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. கயல். கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். பை தோளில்.  மணையை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தாள். சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்தேன். உரித்தாள். அரைப்படி வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் பருப்பு வெந்துவிட்டது. 

நான் குனிந்து சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிம்மா, ஒன் முதுகுல பல்லி."

குதித்தேன். பல்லி இல்லை. என் மூக்குக்கண்ணாடி சாம்பாருக்குள் விழுந்துவிட்டது. கயல் வெங்காயத் தோலுக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கண்ணாடியை எடுக்க ரெண்டு கரண்டி தேவைப்பட்டது. இடது பக்கம் ஒரு கத்திரிக்காய் ஒட்டியிருந்தது. புது ஹெச்.எம். வந்து ருசி பார்த்து, நன்றாக இருப்பதாக ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.