கண்ணாடி ஒளிர்ந்த நாள்

பதுளை, செவ்வாய்க்கிழமை இரவு

இன்று கண்ணாடி ஒளிர்ந்தது. பிரைமர் எனும் சிறு டிஎன்ஏ துணுக்குகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்தால், தண்ணீரில் இருக்கும் கிருமியின் டிஎன்ஏ அவற்றைப் பற்றிக்கொண்டு அங்கேயே பெருகும். சாயம் அதைப் பச்சையாகக் காட்டும். இத்தனை மாதமும் தகட்டைக் கழுவும்போதெல்லாம் துணுக்குகள் கழன்றுபோயின. இன்று கழலவில்லை. இருட்டறையில் பச்சைப் புள்ளிகள் மெல்ல எழுந்தன, மூடுபனிக்குள் தூரத்து லயத்து வரிசை வீடுகளின் விளக்குகள் போல. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

"ஒட்டிக்கிச்சு சேர்" என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

"எந்த இடத்துத் தண்ணி இது?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. ஞாயிறன்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், மலையூற்று நீர் குழாய்வழி விழும் எங்கள் லயத்துப் பீலியில் நானே பிடித்துவந்த தண்ணீர். ஒளிர்ந்தது வயிற்றோட்டக் கிருமி.

நாளை மறுபடி சோதித்து உறுதிப்படுத்தலாம் என்றார். என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அறைக்கு வந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"பீலித் தண்ணிய காய்ச்சாம குடிக்காதீங்கம்மா. அதுல கிருமி இருக்கும் போல."

"ஒன் கண்ணாடி சொல்லிச்சா?"

"ஆமாம்மா."

அம்மா உடனே, "பக்கத்து வீட்டுல கைப்புள்ள இருக்கே" என்றார்.

ஃபோனை அணைக்காமலே வெளியே இறங்கிவிட்டார். மழைச் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம். அடுத்த கதவு. அதற்கும் அடுத்தது. கடைசி வீட்டுக் கதவு திறக்கும்வரை நான் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை.